வெள்ளோட்டமும் விலை தீர்த்தலும்

புதிதாகச் செய்த தேரை விழாவிற்கு முன்னர் ஒரு முறை இழுத்துப் பார்த்தலை நம் முன்னோர் வெள்ளோட்டம் என்றனர். அச்சுத் தாங்குமோ, உருள் சிக்குமோ, வீதியின் மூலையில் தேர் திரும்புமோ என்னும் ஐயங்கள் எல்லாம் அன்று தீர்ந்துவிடும். அவ்வெள்ளோட்டம் எவ்வீதியில் நிகழும்? விழா நாளில் தேர் எவ்வீதியிற் செல்லுமோ அவ்வீதியிலேயே நிகழும். வேறோர் அகன்ற வீதியில் இழுத்துப் பார்த்து, 'தேர் நன்றாக ஓடுகிறது' என மனநிறைவு கொள்ளும் தச்சன் ஒருவனும் இலன். இச்சிறு செய்தியை ஈண்டு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நம் மாணாக்கர் பலருடைய உள்ளத்தையும், ஆசிரியர் சிலருடைய உள்ளத்தையும், மறைப்பானேன், எம் உள்ளத்தையும் அண்மைக் காலமாகக் கவர்ந்து நிற்பது 'அட்வெஞ்சர்' எனப்படும் துணிகரப் பயண மோட்டார் சைக்கிள். அதனை வாங்குமுன் ஓட்டிப் பார்க்கும் வழக்கத்தைக் குறித்தும், ஓட்டியபின் வாங்குவதா விடுவதா எனத் தீர்மானிக்கும் முறையைக் குறித்தும் எம் கருத்தை வாசகர் முன் வைக்க விரும்புகிறோம்.

இவ்வகை வண்டி யாது? தார்ச் சாலையிலும், சாலையற்ற கரடுமுரடான நிலத்திலும் ஒருங்கே செல்லுமாறு அமைக்கப்பட்ட மோட்டார் சைக்கிளே அது. இதன் பிறப்பை ஆராய்வார் பெரும்பாலும் ஜெர்மனி தேசத்துப் பி.எம்.டபிள்யூ. கம்பெனியார் 1980-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆர் 80 ஜி/எஸ் என்னும் வண்டியைச் சுட்டுவர். அப்பெயரின் ஈற்றிலுள்ள இரண்டு எழுத்துக்களும், திறந்த நிலம், சாலை என்னும் பொருளுடைய இரண்டு ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துக்களாம். அதற்குச் சற்று முன்னரே, 1978 டிசம்பரில், பாரிஸ் நகரினின்று புறப்பட்டு ஸஹாரா பாலைவனத்தைக் கடந்து தக்கார் நகரை அடையும் பெரும் பந்தயம் தொடங்கியிருந்தது. 1981-இல் யூபெர் ஓரியோல் என்னும் பிரெஞ்சு வீரர் பி.எம்.டபிள்யூ. வண்டியில் அப்பந்தயத்தை வென்றார். வீரருடைய புகழ் வண்டியின்மேலும் படிந்தது. 2004-இல் யூவன் மக்கிரெகர், சார்லி பூர்மன் என்னும் நடிகர் இருவர் லண்டனிலிருந்து கீழ்த்திசை நோக்கிப் புறப்பட்டு, ஸைபீரியாவைக் கடந்து, நியூயார்க் வரை சென்ற வரலாறு தொலைக்காட்சியிற் காட்டப்பட்டபின், இவ்வகை வண்டியின்மீது உலகெங்கும் வேட்கை பெருகிற்று.

ஆயினும் இவ்வரலாற்றில் நாம் மறவாது நோக்கவேண்டிய மற்றொரு பக்கமும் உண்டு. ராபர்ட் புல்ட்டன் என்னும் அமெரிக்க வாலிபர் 1932-ஆம் ஆண்டில் லண்டனிலிருந்து மோட்டார் சைக்கிளிற் கிளம்பி, இந்தியா வழியாகப் பெரும்பகுதி உலகைச் சுற்றி வந்தார். டெட் ஸைமன் என்னும் ஆங்கிலப் பத்திரிகையாளர் 1973 முதல் 1977 வரை நான்கு ஆண்டுகள் உலகைச் சுற்றியபொழுது ஏறிச் சென்றது, சாதாரணச் சாலைக்கெனச் செய்யப்பட்ட 500 கன சென்டிமீட்டர் டிரையம்ப் வண்டியே. இவர்கள் காலத்தில் துணிகரப் பயண வண்டி என்றொரு வகையே விற்பனைக்கு வந்திலது. துணிகரப் பயணம் மாத்திரம் இருந்தது. இன்றோ வண்டி தெருதோறும் நிற்கின்றது, பயணம் அருகிவிட்டது. பொருளின் பெயரால் பயன் கைவந்துவிட்டதாக மயங்குதல் இக்காலத்து வாணிகம் நமக்குக் கற்பித்த பாடம் என்க.

நம் நாட்டில் இவ்வகை வண்டி வேரூன்றிப் பல்லாண்டு ஆகவில்லை. ராயல் என்பீல்டு கம்பெனியாரின் ஹிமாலயன் 2016-இலும், ஹீரோ கம்பெனியாரின் எக்ஸ்பல்ஸ் 200 என்பது 2019-இலும், கே.டி.எம். 390 அட்வெஞ்சர் 2020-இலும், சுசுகி கம்பெனியாரின் 250 கன சென்டிமீட்டர் வி-ஸ்ட்ராம் 2022-இலும் வெளிவந்தன. இவற்றுள் ஹிமாலயன் வண்டியின் புதிய வடிவம், முந்தையதின் 411-க்குப் பதிலாக 452 கன சென்டிமீட்டர் கொண்ட எஞ்சினுடன், 2023 நவம்பரில் வெளிவந்தது. இக்கம்பெனி இங்கிலாந்திலுள்ள ரெட்டிச் என்னும் ஊரில் 1901-இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்து, 1955-இல் சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸ் என்னும் நிறுவனத்துடன் கூடி நம் மண்ணிற் கால் ஊன்றியது. பனிமலையின் பெயரைப் பூண்ட வண்டி, பனிக்கட்டியைப் பெட்டியிலன்றிக் கண்டறியாத சென்னைச் சமவெளியிற் செய்யப்படுவது ஓர் இனிய முரணே. நம் நாட்டார் பலருடைய மனத்திலும் இவ்வகைக்கு இலக்கணமாக நிற்பது இவ்வண்டியாதலின், இதனையே எடுத்துக்காட்டாகக் கொண்டு மேற்செல்வோம்.

இதன் அமைப்பைச் சிறிது நோக்குவோம். முன்சக்கரம் 21 அங்குலம். பின்சக்கரம் 17 அங்குலம். முன்னும் பின்னும் சக்கரங்கள் 200 மில்லிமீட்டர் மேலுங் கீழும் அசைந்து கொடுக்கும். தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் இடைவெளி 230 மில்லிமீட்டர். எஞ்சினின் வலிமை ஏறக்குறைய 40 குதிரைத் திறன். பெட்ரோல் டாங்கி 17 லிட்டர் கொள்ளும். மொத்த எடை 196 கிலோ. இருக்கையின் உயரம் 825 மில்லிமீட்டர். அதனை 845 வரை உயர்த்தலாம். இவ்வெண்களைக் கடையில் தரும் அச்சுத்தாள் பெருமையாகவே கூறும், கூறுவதும் முறையே. ஆனால் ஒவ்வொரு நலத்துக்கும் அதன் விலை உண்டென்பதை நாமே உய்த்துணர்தல் வேண்டும். பெரிய முன்சக்கரம் பள்ளத்தில் விழாமல் அதன் விளிம்பைத் தாண்டி உருளும். ஆயின் சிறிய சக்கரத்தைப்போல் விரைந்து திரும்பாது. நெடிய ஸ்பிரிங் கல்லின் அதிர்ச்சியை விழுங்கும். ஆயின் அதன் பொருட்டு வண்டி உயர்ந்து நிற்கும். உயர்ந்து நின்றால் எடையின் மையமும் மேலேறும். மேலேறினால் நிற்குமிடத்தில் ஒரு கால் வழுக்கியபோதும் வண்டி சாயும். மண்பாதைக்கேற்ற பருத்த பற்களையுடைய டயர் மண்ணைப் பற்றும்; ஆயின் மழை நனைத்த தார்ச் சாலையில் தார்ச் சாலைக்கெனச் செய்த டயரளவு பற்றாது. ஆகவே எல்லாச் சாலைக்கும் ஏற்ற வண்டி என்பதன் மெய்ப்பொருள், எல்லாச் சாலையிலும் சிறிது விட்டுக்கொடுக்கும் வண்டி என்பதே. எச்சாலையில் விட்டுக்கொடுத்தால் நமக்கு இழப்பில்லை என்று காண்பதே வாங்குவோன் கடமை.

இனி வெள்ளோட்டத்துக்கு வருவோம். அண்மையில் யாம் நண்பர் ஒருவருடன் நகரத்துக் கடையொன்றுக்குச் சென்று, ஓட்டுநர் உரிமச் சீட்டைக் காட்டிக் கையொப்பமிட்டு, இத்தகைய வண்டி ஒன்றை வெள்ளோட்டம் பார்த்தோம். கடையார் மிக்க மரியாதையுடன் நடத்தினர். எமக்குக் கிடைத்த நேரம் இருபது நிமிஷம். சென்ற சாலை அவர்கள் குறித்த சாலை: கடைவாயிலினின்று புறப்பட்டு, புறவழிச் சாலையில் நான்கு கிலோமீட்டர் சென்று, மீண்டு வருதல். சாலை அகன்றது, பள்ளமற்றது, காலை வேளையாதலின் வெயிலும் ஏறவில்லை. டாங்கியில் பெட்ரோல் அடிமட்டத்தில் இருந்தது. பின்னிருக்கையிற் பாரம் இல்லை. அன்றாடம் எமைச் சுமக்கும் 110 கன சென்டிமீட்டர் வண்டியினின்று இறங்கி அதன்மேல் ஏறிய எமக்கு, கைப்பிடியைச் சிறிது முறுக்கியவுடன் அது பாய்ந்த பாய்ச்சல் பெருவியப்பாய் இருந்தது. உயர்ந்த இருக்கையினின்று நோக்கினால் முன்செல்லும் கார்களின் கூரைக்கு மேலும் சாலை தெரிந்தது. திரும்பி வந்து இறங்கியபொழுது எம் நண்பர் முகமும் எம் முகமும் ஒருபடித்தாய் மலர்ந்திருந்தன. அந்நொடியிலேயே முன்பணச் சீட்டு மேசைமேல் வந்தது. அன்றே பதிந்தால் தலைக்கவசம் ஒன்று இனாம் எனவும் சொல்லப்பட்டது.

இதிற் கடையார்மேல் குற்றம் யாதும் இல்லை. விற்பது அவர் தொழில். ஆனால் அந்த இருபது நிமிஷத்தில் யாம் தெரிந்துகொண்டது யாது? நல்ல சாலையில், காலைக் குளிரில், பாரமின்றி, நல்ல வண்டி நன்றாக ஓடும் என்பதே. இதனை அறிதற்கு வெள்ளோட்டம் வேண்டுவதில்லை, யூகமே போதும். மேலப்பாளையம் சந்தையில் மாடு பிடிக்க வரும் நம் நாட்டுக் குடியானவரை நோக்குக. அவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுக் குளம்பைக் கவனிப்பார். இவ்வளவோடு நிற்பாரா? இயலுமாயின் நுகத்திற் பூட்டிப் பார்ப்பார். பாரவண்டியில் பூட்டி மேட்டில் ஏற்றிப் பார்ப்பார். தரகன் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலையை எவ்வளவு அவசரப்படுத்தினும், தம் வயலின் சேற்றை மனத்தில் வைத்தே அவர் விரலை மடக்குவார். எழுத்தறியாத அவர் காட்டும் இந்நிதானத்தைப் பட்டம் பெற்ற நாம் கண்ணாடிச் சுவர்க் கடையில் நுழைந்தவுடன் இழந்துவிடுதல் நாணத்தக்கதன்றோ?

ஆதலால், நுகத்திற் பூட்டிப் பார்க்கும் வெள்ளோட்டம் எவ்வாறிருத்தல் வேண்டும் என்பதனை யாம் ஆய்ந்து கண்டவாறு கூறுவோம். முதலாவது, எஞ்சினை முடுக்குமுன்னரே சோதனை தொடங்குதல் வேண்டும். வண்டியின்மேல் அமர்ந்து, இரண்டு காலும் தரையில் எவ்வளவு படிகின்றன எனக் காண்க. குதிகால் படியாவிடினும் முன்பாதமேனும் உறுதியாய் ஊன்றுதல் வேண்டும். பின்னர், சரிவான ஓரிடத்தில் அதனைக் கால்களால் பின்னோக்கித் தள்ளிப் பார்க்க. 196 கிலோ என்னும் எண் அச்சுத்தாளில் இலேசாயிருக்கும், சரிவில் இலேசாயிராது. கல்லூரிச் சைக்கிள் கொட்டகையின் நெருக்கத்தில் நாள்தோறும் இருமுறை செய்யவேண்டிய வேலை இது.

இரண்டாவது, வேகத்தைச் சோதியாது மெதுவைச் சோதித்தல் வேண்டும். வேகமாய்ச் செல்லும் வண்டி தானே நிமிர்ந்து நிற்கும். அதில் ஓட்டுவோன் திறமை வெளிப்படாது. குறுகிய தெருவில், கால் ஊன்றாமல், முதற் கியரில் முழு வட்டமாய்த் திருப்புக. திருநெல்வேலிச் சந்திப்பில் ஈரடுக்குப் பாலத்தின் அடியே மாலை ஐந்து மணிக்கு நிலவும் நெருக்கத்தில், நடைவேகத்தில் பத்து நிமிஷம் செலுத்துக. எஞ்சினின் வெப்பம் தொடையிற் படுகிறதா, கிளச்சுப் பிடித்த இடக்கை ஓய்கிறதா என்பன அங்கே விளங்கும். மூன்றாவது, ஆளற்ற சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தினின்று இரண்டு பிரேக்குகளையும் ஒருங்கே அழுத்தி நிறுத்திப் பார்க்க. சக்கரம் சிக்கிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். என்னும் பொறி இவ்வண்டிகளில் உண்டு. மண்பாதைக்கெனப் பின்சக்கரத்தில் அதனை நிறுத்திவைக்கும் வசதியும் சிலவற்றில் உண்டு. அது எங்கே உள்ளது, வண்டியை நிறுத்தி மீண்டும் முடுக்கினால் தானே பழைய நிலைக்கு வருமா என்பனவற்றைக் கேட்டுத் தெளிக. நான்காவது, கால்மிதிமேல் எழுந்து நின்று ஓட்டுக. கரடான பாதையில் நின்றே ஓட்டுதல் மரபு. நிற்கும்பொழுது கைப்பிடிக்காக முதுகு வளைந்து கூனுமாயின், அவ்வண்டியின் அளவு நம் உடலின் அளவன்று.

ஐந்தாவது, பின்னிருக்கையில் யாரை ஏற்றிச் செல்ல எண்ணியுள்ளோமோ அவரையே உடன்கொண்டு செல்லுதல் வேண்டும். மனைவியோ, தாயோ, தம்பியோ, நண்பரோ, அவர் ஏறுதற்கும் இறங்குதற்கும் படும் பாட்டைக் கண்ணாற் காண்க. சேலை உடுத்தவர் அவ்வுயர்ந்த இருக்கையில் எவ்வாறு அமர்வர் என்பதைக் கடையிலேயே பார்த்துவிடுக. ஓட்டுவோன் பத்து மடங்கு புகழும் வண்டியைப் பற்றிப் பின்னிருந்தவர் கூறும் ஒரு சொல்லே மெய்ச் சாட்சி. ஆறாவது, ஒரே நாளில், ஒரே சாலையில், இரண்டு வண்டிகளையேனும் ஓட்டுதல் வேண்டும். ஒன்றை மாத்திரம் ஓட்டியவன் அதனைத் தன் பழைய வண்டியோடு ஒப்பிடுகிறான். பழையதோடு ஒப்பிட்டால் எப்புதியதும் தேவலோகத்துக் குதிரையே. புதியதைப் புதியதோடு ஒப்பிடும்பொழுதுதான் மயக்கம் தெளியும். 450-ஐ ஓட்டியவர் அன்றே 200-ஐயும் ஓட்டுக. தமக்கு வேண்டுவது வலிமையா அல்லது இலேசா என்பது அப்பொழுது புலப்படும்.

இவையெல்லாம் செய்தும் தெரியாதன சில உண்டு. ஐந்து மணி நேரம் அமர்ந்தபின் இருக்கை எவ்வாறிருக்கும், இரவில் விளக்கு எவ்வளவு தூரம் காட்டும், மழையில் டயர் எவ்வாறு பற்றும் என்பனவற்றைக் கடையின் இருபது நிமிஷம் காட்டமாட்டாது. இதற்கு ஒருவழி, அதே வண்டியை வாடகைக்குக் கொண்டு இரண்டு நாள் செல்லுதல். பாளையங்கோட்டையினின்று குற்றாலம் சென்று, செங்கோட்டைக் கணவாய் ஏறி இறங்கி, மறுநாள் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிகளின் ஓரமாய்ச் செம்மணல் படிந்த சாலைகளில் சுற்றி வந்தால், மலை, சமவெளி, மணல், கடற்காற்று நான்கும் அறிமுகமாகும். மற்றொரு வழி, அவ்வண்டியை ஓராண்டு வைத்திருந்தவரை அணுகி உசாவுதல். அவரிடம் 'வண்டி எப்படி?' என்று கேளாதீர். தாம் வாங்கிய பொருளை எவரும் இகழார். 'கடந்த மூன்று மாதத்தில் எங்கெங்கே சென்றீர்? பழுது பார்க்க எத்தனை நாள் விட்டீர்?' என்று கேட்க. விடை தானே வரும்.

இனி விலையைப் பற்றிச் சில சொற்கள். புதிய ஹிமாலயன் 2023-இல் வெளிவந்தபொழுது சென்னையில் அதன் கடைவிலை 2,69,000 ரூபாயிலிருந்து தொடங்கிற்று. கடைவிலை வேறு, வீடு வந்து சேரும் விலை வேறு. நம் மாகாணத்தில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட புதிய இருசக்கர வண்டிக்கு வாழ்நாள் வரி 2023-இன் இறுதியில் 12 சதவீதமாக உயர்த்தப்பட்டது. பிறருக்கு நேரும் தீங்குக்கான இன்ஷூரன்ஸை ஐந்தாண்டுக்குச் சேர்த்துச் செலுத்துதல் 2018 முதல் கட்டாயமாயிற்று. 2025 செப்டம்பர் 22 முதல், 350 கன சென்டிமீட்டர் வரையுள்ள வண்டிகளுக்குச் சரக்கு வரி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றிற்கு 31-லிருந்து 40 ஆக ஏறியது. ஆகவே சிறிய எஞ்சினுக்கும் பெரிய எஞ்சினுக்கும் இடையே ஒரு சுவரே எழும்பியது போலாயிற்று. இச்சுவரைத் தாண்டுமுன், அப்பாலுள்ள வலிமை உண்மையில் வேண்டுவதுதானா என்று இருமுறை எண்ணுதல் நலம்.

கடனாக வாங்குவோர் கணக்கையும் பார்ப்போம். மூன்று லட்சம் ரூபாயை நூற்றுக்குப் பத்து வட்டியில் மூன்றாண்டுத் தவணையில் பெற்றால், மாதந்தோறும் கட்டவேண்டுவது ஏறக்குறைய 9,680 ரூபாய். வட்டி மாத்திரம் 48,000 ரூபாய்க்கு மேல். இதன்மேல் தலைக்கவசம், மார்பும் முழங்கையும் காக்கும் அங்கி, கையுறை, கணுக்கால் மூடும் காலணி ஆகியவற்றை வாங்குதல் வேண்டும். இவற்றைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பார் பலர். யாம் அதற்கு முற்றிலும் உடன்படோம். உடற்காப்பின் விலையைச் சேர்த்துக் கூட்டியபின் கைக்கு எட்டாத வண்டி, உண்மையில் கைக்கு எட்டாத வண்டியே.

இங்கே ஒரு தடை எழுப்புவர். 'கணக்குப் பார்த்தே வாழ்நாளைக் கழிப்பதா? மகிழ்ச்சி என்பது ஒன்றில்லையா? தேசப் பயணத்தைவிடச் சிறந்த கல்வி யாது?' என்பர். இத்தடையை யாம் இலேசாய்க் கருதவில்லை. மகிழ்ச்சியின்பொருட்டு ஒரு பொருளை வாங்குதல் குற்றமன்று. வீணை வாங்குகிறோம், புகைப்படக் கருவி வாங்குகிறோம், பலமுறை படித்த நூலையே நல்ல கட்டடத்திற்காக மீண்டும் வாங்குகிறோம். மலைச்சாலையின் வளைவொன்றில் வண்டி சாய்ந்து நிமிரும் இன்பம் இவற்றிற்குத் தாழ்ந்ததன்று. யாம் வேண்டுவது ஒன்றே: மகிழ்ச்சிக்காகச் செய்யும் செலவை மகிழ்ச்சி என்னும் தலைப்பிலேயே கணக்கில் எழுதுக. 'அலுவலுக்குப் போக வண்டி வேண்டும்', 'நம் ஊர்ச் சாலை கெட்டுக் கிடக்கிறது', 'பழைய வண்டி இனித் தாங்காது' என வேறு தலைப்பில் எழுதாதீர். அலுவலுக்கு ஆறு கிலோமீட்டர் செல்லுதற்கு 40 குதிரைத் திறன் வேண்டுவதில்லை. தன்னைத்தானே ஏய்த்து வாங்கிய பொருள் நெடுநாள் இன்பம் தருதல் அரிது. தெரிந்து வாங்கிய ஆசைப்பொருளோ முதுமை வரையில் இன்பம் தரும்.

வேறு சிலர், 'என்றேனும் ஒருநாள் லடாக் செல்வோம். அதற்காகவே வாங்குகிறோம்' என்பர். நம் நெல்லைக்கு அருகே செல்லும் 44-ஆம் எண் தேசியப் பெருஞ்சாலை ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைப்பதாதலின், இக்கனவு நம் வாயிலிலேயே நின்று அழைக்கிறது. கனவு நன்று. ஆயினும் கடல்மட்டத்துக்கு மேல் 5,300 மீட்டருக்கு அதிகமான உயரத்திலுள்ள கர்துங் கணவாயில் பல்லாண்டுகளாக ஏறி இறங்கியவை பழைய 350 புல்லட்டுகளே. 2024-இல் தக்கார் பந்தயத்தில் இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்ற கேரளத்து வீரர் ஹரித் நோவா ஏறிச் சென்றது பந்தயத்துக்கென்றே செய்த வண்டி. கடையில் விற்கும் எதுவும் அதன் உடன்பிறப்பன்று. ஆண்டில் மூன்று வாரம் மலைக்குச் செல்வோர்க்கு மலைவண்டி தகும். பத்தாண்டில் ஒரு முறை செல்வோர் அங்கேயே வாடகைக்குக் கொள்ளலாம். எஞ்சிய நாளெல்லாம் நம் தெருக்களுக்கேற்ற வண்டியே தகும். விழா ஒரு நாள். வீதி ஆண்டு முழுவதும்.

மாணாக்கருக்கு ஒரு சொல். உங்களுட் பலர் கிராமத்தினின்று வந்தவர்; தந்தையார் உழைப்பால் கற்பவர். மகன் கேட்டான் என்பதற்காகத் தாயின் நகை அடகுக்குப் போவதை ஆசிரியராகிய யாம் பலமுறை அறிந்து வருந்தியிருக்கிறோம். வண்டியின் விலை மூன்றாண்டில் பெரிதும் இறங்கும். நகை மீளுதற்கு அதனினும் நெடுநாள் செல்லும். இதனினும் பெரிதொன்று உண்டு. மத்திய அரசாங்கத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் நம் தேசத்துச் சாலை விபத்துக்களில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவருள் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வண்டியிற் சென்றவர். இவ்வெண்ணைக் கூறி உங்களை அச்சுறுத்துதல் எம் நோக்கமன்று. ஆயின், எட்டுக் குதிரைத் திறன் வண்டியில் பிழையாகப் போட்ட கணக்கைத் திருத்திக்கொள்ள ஒரு நொடி கிடைக்கும். நாற்பது குதிரைத் திறனில் அந்நொடி கிடையாது. உங்கள் தந்தையாரோ தமையனாரோ உடன்வந்து, பின்னிருக்கையில் அமர்ந்து, 'சரி' என்று சொல்லும் வரையில் முன்பணம் கட்டாதீர்.

முடிவாக எம் தீர்மானத்தையும் கூறிவிடுதல் நேர்மை. வெள்ளோட்டத்துக்குப்பின் யாம் முன்பணச் சீட்டில் கையொப்பமிடவில்லை. இனாமாகக் கிடைக்கவிருந்த தலைக்கவசமும் கடையிலேயே நின்றது. ஒரு வாரம் கழித்து, கடந்த ஓராண்டில் எம் வண்டி சென்ற இடங்களை நினைவுகூர்ந்து ஒரு தாளில் எழுதினோம். கல்லூரிக்கும் கடைத்தெருவுக்கும் சென்ற நாள் முந்நூறுக்கு மேல். ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பாற் சென்ற நாள் பதினொன்று. தார் அற்ற பாதையிற் சென்ற நாள் இரண்டு. இத்தாளே எமக்கு வழிகாட்டிற்று. இவ்வாண்டு வாங்குவதில்லை எனத் தீர்த்தோம். அதற்குப் பதிலாக, வரும் விடுமுறையில் அவ்வண்டியை இரண்டு நாள் வாடகைக்குக் கொண்டு மலையேறுவது என முடிவு செய்துள்ளோம். அப்பதினொன்று முப்பதாகப் பெருகுமாயின் மறுபடியும் ஆலோசிப்போம். எம் நண்பரோ, மாதந்தோறும் மலைக்கிராமங்களுக்குத் தொழில்நிமித்தம் செல்பவர். அவர் தாளில் வேறு கணக்கு வந்தது. அவர் இரண்டு வண்டிகளையும் மீண்டும் ஓட்டிப் பார்த்து, இருக்கை தாழ்ந்ததும் எடை குறைந்ததுமான சிறியதையே வாங்கினார். அவர் செய்ததும் தக்கதே. யாம் செய்ததும் தக்கதே. வண்டியின் குணத்தை மாத்திரம் ஆராய்ந்திருந்தால் இருவரும் ஒரே முடிவுக்கு வந்திருப்போம்.

ஆகவே வாசகர்காள்! ஓட்டிப் பாருங்கள், மகிழ்ந்து ஓட்டிப் பாருங்கள். ஆயின் உங்கள் தேரை உங்கள் வீதியிலேயே இழுத்துப் பாருங்கள். முன்பணச் சீட்டு ஒரு வாரம் காத்திருக்கும்; காத்திராதெனச் சொல்லும் கடையாயின் வேறு கடை உண்டு. அவ்வொரு வாரத்துக்குப் பின்னும் அவ்வண்டி உங்கள் கணக்கிலும் கருத்திலும் ஒருங்கே நிலைத்து நிற்குமாயின், தயங்காது வாங்குங்கள். வாங்கியபின், அதனைக் கொட்டகையில் துடைத்து வைப்பதோடு அமையாமல், அது எதற்காகப் பிறந்ததோ அத்தொலைவுகளுக்குக் கொண்டு செல்லுங்கள். சென்று மீண்டு வந்து, கண்டவற்றை இம்மலரில் எழுதுங்கள். யாம் முதல்வராய்ப் படித்து மகிழ்வோம்.